மஞ்ச டேக் போட்ட கேப்டன் அம்மா

ஒண்ண ஒத்துக்கணும்... அந்த விண்வெளிப் படம் ரெண்டாம் பாகத்த நான் முழுசா பார்க்கல. இன்டர்வெல்ல போண்டா தின்னுட்டு வந்து உக்காந்தவன், அப்படியே தூங்கிட்டேன்.

ரெண்டு வருஷமா கம்பெனி பஸ்ல அந்தப் படத்துக்காகத் தொண்ட கிழிய சண்ட போட்டவன் நான். இத நான் சொல்லியிருக்க வேண்டிய ஒரே ஆளு அருள்தாஸ் அண்ணன்.

அவரு நேத்து காலையில போயிட்டாரு.

போச்சம்பள்ளி கம்பெனில இருபது வருஷம் ஒண்ணா வேல. நான் பிரஸ் மெஷின், அவரு குவாலிட்டி. நான் அடிக்கிற பீஸ ரிஜெக்ட் பண்றதுக்குன்னே ஆண்டவன் அனுப்பி வச்ச மனுஷன்.

பீஸ் நல்லா இருந்தா பச்ச டேக் கட்டுவாரு. ரிஜெக்ட்னா சிவப்பு. சந்தேகம்னா மஞ்ச... அது ஹோல்டு. மஞ்ச டேக் போட்டத அவரத் தவிர யாரும் தொடக்கூடாது. தொட்டா அன்னைக்கு சாப்பாடு இறங்காத அளவுக்குப் பேசுவாரு.

படத்துக்கும் டேக் போட்டாரு. சும்மா சொல்லல, நிஜ டேக்கு.

மூக்கண்டப்பள்ளில பஸ் ஏறினா போச்சம்பள்ளி போறதுக்குள்ள ஒன்றரை மணி நேரம். நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா படம் பார்த்துட்டு வந்த திங்கக்கிழம ஆரம்பிச்சாரு. "காத்து இல்லாத ஊர்ல கொடி எப்படி ஆடுது?" ஒரு சிவப்பு டேக் எழுதி சீட்டுக் கம்பில கட்டிட்டாரு.

"ஏண்ணா, சந்திரன்ல குதிர ஓடுதே, லாடம் அடிச்சது யாரு?"ன்னேன். அது இன்டர்வெல்லுக்கு முன்னாடி சீனு, அதனால தைரியமா கேட்டேன். அதுக்கும் ஒரு சிவப்பு.

பெரிய சண்ட கேப்டன் அம்மாவப் பத்தி. கடைசில அது கப்பல் கதவ சாத்திட்டு, கருப்பு சூரியனுக்குள்ள தனியா போயிடுதாம். செத்துச்சா, இல்லையா? (இதெல்லாம் எனக்கு பஸ்ல காதுல விழுந்ததுதான்...)

"முதல் பாகத்துல அவ ஹெல்மெட்ல இடது பக்கம் கிராக் இருந்துச்சு. கடைசி சீன்ல கிராக் இல்ல. அப்போ அது வேற ஹெல்மெட்டு, உள்ள இருந்தது வேற ஆளு. கேப்டன் உயிரோட இருக்கா"ன்னாரு அருளண்ணன்.

"படம் எடுத்தவன் மறந்துட்டாண்ணா. நீங்க இதப் போயி..."

"கிராக் விட்ட பீஸ் தானா ஒட்டிக்குமாடா முனிராஜு? உன் வேலைய தினம் பாக்கறேனே, என்னைக்காவது ஒட்டியிருக்கா?"

மொத்த பஸ்ஸும் சிரிச்சுச்சு. டிரைவர் கன்னடக்காரரு, படமே பார்க்கல. தினமும் வண்டி எடுக்கறப்போ திரும்பிப் பார்த்து, "அவளு சத்தளா இல்வா, ஹேளி!"ம்பாரு. செத்தாளா இல்லையா, ஒண்ணு சொல்லித் தொலைங்கப்பான்னு.

அருளண்ணன் மஞ்ச டேக் எடுத்து "கேப்டன் - ஹோல்டு - மூணாம் பாகம் வரைக்கும்"னு எழுதினாரு. அத பஸ்ல கட்டல. தன் ஐடி கார்டு கயித்துல கட்டிக்கிட்டாரு.

மஞ்சன்னா தொடக்கூடாதே... அதனால யாரும் அந்தக் கடைசி சீன திரும்பப் போட்டே பார்க்கல. அந்தக் கிராக்கு வேற யாருக்கும் ஞாபகமும் இல்ல. குவாலிட்டி ஆளு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டோம்.

ஆறு மாசம் முன்னாடி இருமல்னாரு. அப்புறம் பெங்களூரு ஆஸ்பத்திரி. நுரையீரல்னாங்க. அப்புறம் வீட்டுக்கே கூட்டிட்டு போயிடுங்கன்னாங்க.

மூணாம் பாகமும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போச்சுன்னு போன்ல வந்துச்சு. நான் அவருகிட்ட சொல்லல. அவருக்கு முன்னாடியே தெரியும்.

போன ஞாயித்துக்கிழம பார்க்கப் போனேன். கட்டில்ல சாஞ்சு உக்காந்திருந்தாரு, மூக்குல டியூபு. பஸ் கத நாலு சொன்னேன். சிரிச்சா மூச்சு வாங்குது, அதனால சிரிப்பு காட்டறத நிறுத்திட்டேன். எனக்கு வேற என்ன பேசத் தெரியும்?

அவரா கேட்டாரு. "முனிராஜு... அந்தக் கடைசி சீன்ல கிராக் இருந்துச்சா, இல்லையா? எனக்கே இப்போ சந்தேகமா இருக்குடா. போன்ல பாக்கலாம்னா கண்ணு நிக்க மாட்டேங்குது. நீ சொல்லு. நீ பார்த்தவன்தானே."

"இல்லண்ணா. சுத்தமா இல்ல. நான் நல்லா பார்த்தேன்."

கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பார்த்தாரு. "அப்போ உயிரோட இருக்கா"ன்னாரு.

அவரு மக ஸ்டெல்லாவ ஐடி கார்டு எடுத்துட்டு வரச் சொன்னாரு. மஞ்சய கழட்ட வச்சு, பச்ச டேக்ல என்னைய எழுதச் சொல்லி, கீழ அவரே கையெழுத்துப் போட்டாரு. கோணலாத்தான் வந்துச்சு. "பாஸ்"னாரு.

இருபது வருஷத்துல தன் கண்ணால பார்க்காம, ஆபரேட்டர் வாய்ச்சொல்ல வச்சு அவரு பாஸ் பண்ணது அது ஒண்ணுதான்.

இன்னைக்கு காலையில பந்தல்ல உக்காந்து, அந்த சீன போன்ல போட்டுப் பார்த்தேன்.

கிராக் இருக்கு. இடது பக்கம். நல்லாவே தெரியுது...

ஒண்ணும் பண்றதுக்கில்ல. சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம். பஸ்காரங்க எல்லாம் வந்துடுங்க. பச்ச டேக்க அவரு சட்டப் பாக்கெட்ல வச்சுட்டாங்க, யாரும் எடுக்காதீங்க.

போங்கண்ணா... இனிமே என் பீஸ யாரு வேணா பாஸ் பண்ணிடுவான்.

தெரு முனையில அஞ்சலி பேனர் கட்டியிருக்கோம். போட்டோ ஸ்டெல்லா அவரு போன்ல இருந்து எடுத்துக் குடுத்தது, சிரிச்ச மாதிரி அது ஒண்ணுதான் இருந்துச்சாம். அந்த ரெண்டாம் பாகம் பார்த்த அன்னைக்கு தியேட்டர்ல அவரே ஃபிளாஷ் போட்டு எடுத்த செல்ஃபி. த்ரீ-டி கருப்புக் கண்ணாடி போட்டிருக்காரு. அவரு தோள் மேல என் தல. கண்ணு மூடி, வாய் தொறந்திருக்கு.

ஆக, நான் தூங்கினது அவருக்குத் தெரியும்.

கடைக்காரரு வெட்டினதுல என் பாதி மூஞ்சி பேனர்ல வந்துடுச்சு. மேல "கண்ணீர் அஞ்சலி"ன்னு பெரிய எழுத்து. பேனர் படத்த யாரோ வாட்ஸ்அப்ல அனுப்பிட்டாங்க போல, இப்போதான் ராயக்கோட்டைல இருந்து என் மச்சான் அழுதுக்கிட்டே என் வீட்டம்மா நம்பருக்குப் போன் போட்டு, மாமாவ எத்தன மணிக்கு எடுக்கறீங்கன்னு கேட்டான்.

போன எடுத்தது நான்தான். நாலு மணின்னு சொன்னேன்.