கார்னர் அடிப்பவனை ஏன் கொடுக்கிறார்கள்?

வளைகுடாவில், முவைலா என்ற பகுதியில் எங்கள் ஹாக்கி அணிக்கு நான்தான் மானேஜர். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஆடத் தெரியாது, வாயை மூடிக்கொண்டு பார்க்கவும் தெரியாது என்பதால் கிடைத்த பதவி அது. அணியில் முக்கால்வாசிப் பேர் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்கள். ஏசி மெக்கானிக், எலக்ட்ரீஷியன், சேல்ஸ்மேன் என்று ஆளுக்கொரு வேலை. எல்லோரையும் ஒன்றாகக் கட்டிவைத்திருந்தது எங்கள் மெஸ்தான். ஒரு பிளாட்டில் ஒரு சமையலறை, ஆள் முறை வைத்துச் சமையல். அந்த அடுப்புக்கு நாங்களே அதிகம், புதிதாக ஒருவர் கேட்டாலும் இடமில்லை என்றுதான் சொல்வோம்.

எங்கள் வட்டாரப் போட்டிக்கு ஒரு வினோதமான விதி உண்டு. எந்த மெஸ்ஸில் சாப்பிடுகிறோமோ அந்த மெஸ்ஸுக்குத்தான் ஆட வேண்டும். கம்பெனி, ஊர், பாஸ்போர்ட் எதையும் யாரும் பார்ப்பதில்லை. லீக் ஆட்டங்கள் முடிந்து அரையிறுதி தொடங்கும் முன் ஒரு வாரம், ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம். இதற்குத் 'தட்டு மாத்துறது' என்று பெயர். ஒருவனை வாங்கினால் ஒருவனைக் கொடுத்தாக வேண்டும். அந்த வாரம் முழுக்க என் போன் சூடாகவே இருக்கும்.

அந்த வருடம் நாங்கள் அரையிறுதிக்கு வந்திருந்தோம். ஆனால் பெனால்டி கார்னர் கிடைத்தால் எதிரணியைவிட எங்களுக்குத்தான் பயம். கோலுக்கு நேராக நின்று குறிபார்த்து அடிக்கக் கிடைக்கிற அருமையான வாய்ப்பை எங்கள் பையன்கள் கார் பார்க்கிங்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் காயல்பட்டினத்துக் கடைக்காரர்கள் மெஸ்ஸிலிருந்து தகவல் வந்தது. கோல்கீப்பரைக் கொடுங்கள், ஒரு ஃபார்வர்டு தருகிறோம் என்றார்கள். அந்த ஃபார்வர்டு நன்றாக ஓடுவான், பந்துதான் கூட வராது. அடுத்து மலையாளிகள் மெஸ் ஒரு நல்ல சென்டர் ஹாஃபைத் தர முன்வந்தது. விசாரித்தால் அரையிறுதிக்கு முந்தின நாள் அவனுக்கு லீவு டிக்கெட். அதையும் வேண்டாமென்று கலாஸ் பண்ணிவிட்டேன்.

மூன்றாவதாக வந்ததுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்து சியால்கோட்காரர்கள் மெஸ் தங்கள் கார்னர் அடிப்பவனையே தருவதாகச் சொன்னது. போட்டியிலேயே அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அரியலூர்ப் பக்கத்துத் தமிழன். கம்பெனி கொடுத்த ரூம் அந்தக் கட்டடத்தில் அமைந்ததால் அங்கே சாப்பிட்டு, அவர்களுக்கு ஆடிக்கொண்டிருந்தான். பதிலுக்கு அவர்கள் கேட்டது எங்கள் டிஃபெண்டரை. சுமாரான ஆட்டக்காரன், வாய் மட்டும் முதல் தரம்.

மெஸ்ஸில் ஆளாளுக்கு ஆராய்ச்சி செய்தார்கள்.

"முழங்கால் போயிருக்கும்ணே."

"விசா முடியப் போவுதுல. இல்லன்னா சும்மா தூக்கிக் குடுப்பானா?"

எனக்கும் அந்தச் சந்தேகம்தான். மறுநாள் அவர்கள் பிராக்டீஸ் செய்யும் இடத்துக்குப் போய், கோலுக்குப் பின்னால் நின்று அவன் முழங்காலையே பார்த்தேன். முழங்காலுக்கு ஒரு குறையும் இல்லை. அவன் அடித்த பந்துகள் பலகையில் மோதிய சத்தத்தில் என் நெஞ்சு அதிர்ந்தது. விசாவையும் விசாரித்தாயிற்று, அதுவும் சரியாக இருந்தது. பின்னே ஏன் கொடுக்கிறார்கள்? எனக்கு மண்டை வெடித்துவிடும்போல் இருந்தது.

பொறுக்க முடியாமல் சியால்கோட் அணியின் கேப்டனையே கஃப்டீரியாவில் பிடித்தேன். டிரெய்லர் ஓட்டுகிறவர். கரக் டீயை ஆற்றிக்கொண்டே இந்தியில் சொன்னார்.

"பாய், அவன் வருகிறான், சாப்பிடுகிறான், எழுந்து போகிறான். அவனுக்கு அச்சா என்ற ஒரு வார்த்தைதான் தெரியும். அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவான்? இப்போதெல்லாம் பாதி நாள் சாப்பிடவே வருவதில்லை. உன் மெஸ்ஸில் அவனுக்குப் பேச ஆள் இருக்கிறது."

"அதற்கு எங்கள் டிஃபெண்டர் எதற்கு?"

"அவன் இந்தியில் சண்டையே போடுகிறானே! எங்களிடம் வந்தாலும் வாடிப்போக மாட்டான்."

அரையிறுதிக்கு முன்னால் கோல் அடிக்கிறவனைத் தூக்கிக் கொடுக்கும் ஆளை நான் அதுவரை கண்டதில்லை. இப்படியும் ஒருத்தர் யோசிப்பாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

டிஃபெண்டரிடம் சொன்னபோது குதித்தான். "எனக்கு இந்தி தெரியும்னா அங்க போயி கெடக்கணுமா? ரொட்டியத் தின்னே வயிறு காஞ்சிரும்ணே!" விஷயத்தை முழுக்கச் சொன்னதும் மட்டையை எடுத்துப் பைக்குள் வைத்தான். "சரி. போட்டி முடியுத மட்டும்தான். முடிஞ்ச அன்னிக்கே வந்துருவேன்."

அரியலூர்க்காரன் எங்கள் மெஸ்ஸுக்கு வந்தான். முதல் நாள் பாதிச் சாப்பாடு வரை தலையைக் குனிந்தபடியே சாப்பிட்டான். யாரோ சும்மா, "ஒங்க ஊர்ல மழை உண்டா?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான். மழையில் ஆரம்பித்து சிமென்ட் தூசி, ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் வார்டன், தங்கச்சி கல்யாணம் என்று போய்க்கொண்டே இருந்தான். கையில் சோறு காய்ந்ததுகூடத் தெரியவில்லை. கார்னரை எப்படி அடிப்பது என்று அவனிடம் கேட்க நினைத்திருந்தவர்கள் எல்லோரும் மறந்துபோனார்கள்.

அரையிறுதியில் எங்களுக்கு எதிரே சியால்கோட் மெஸ்ஸே வந்து நின்றது. ஆட்டம் முடியப்போகும் நேரம், கோல் கணக்கு சமம், எங்களுக்கு ஒரு பெனால்டி கார்னர். அவன் மட்டையைத் துடைத்தான், மறுபடி துடைத்தான். அடித்த பந்து தரையோடு தரையாகப் பறந்தது. கோல் கோட்டில் அவர்களுக்காக நின்றிருந்தவன் எங்கள் டிஃபெண்டர். எங்களுக்கு ஆடியபோது ஒரு நாளும் தடுக்காத மாதிரி அதைத் தடுத்துத் தொலைத்தான். பந்து எங்கள் பக்கம் திரும்பியது, அடுத்த நிமிடம் கோல். எங்கள் கதை முடிந்தது.

டிஃபெண்டர் அவர்களோடு கட்டிப்பிடித்துக் குதிப்பதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். அப்போது அரியலூர்க்காரன் நேராக என்னிடம் வந்தான். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"அண்ணே, நான் இன்னைக்கு ராத்திரியே அங்க போயிடணுமா? இல்ல நாளையிலேர்ந்து போனா போதுமா?"

என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. கோல் போட்டால்தான் எங்களோடு இருக்க விடுவோம் என்று இந்த ஒரு வாரமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அதை நினைத்துக்கொண்டேதான் அந்தப் பந்தையும் அடித்திருக்கிறான்.

"எங்கயும் போக வேண்டாம். அவன் திரும்பி வந்தாலும் சோத்துக்கு ரெண்டு தடவ ஒல வச்சா ஆச்சு. நாளைக்குச் சமையல் ஒன் மொற. சாம்பார் வைக்கத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாதுண்ணே" என்றவன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். தோற்றதற்குத்தான் அழுகிறான் என்று நினைத்து எல்லோரும் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.