ஈசான மூலையில் ஒரு மகாராணி

இங்கே பஸ்ஸில் காசுச் சத்தம் கிடையாது. ஏறும்போது ஓர் அட்டையைக் கருவியில் காட்டினால் அது ஒரு தடவை கத்தும், அவ்வளவுதான். எங்கள் மாத்தளை பஸ்ஸில் கொண்டக்டர் சில்லறையைக் குலுக்கிக்கொண்டு வந்தால், தூங்குகிறவன்கூடக் கண்ணைத் திறக்காமல் சட்டைப் பையைத் தடவுவான். இங்கிலாந்துக்கு வந்த புதிதில் அந்தச் சத்தம் இல்லாமல் பஸ் ஓடுவதாகவே எனக்குத் தோன்றவில்லை. காசை யாரும் தொடாத இந்த ஊரில், ஒரு பழைய காசுக்காக நான் அலைய வேண்டி வந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தம்புள்ளைச் சந்தையில் நாட்டாமையாக, அதாவது சுமைகூலியாக, மரக்கறி மூட்டை தூக்கினேன். அங்கே கரட் மண்ணோடு மூட்டையில் வரும். இங்கே கழுவித் துடைத்து, ஒரே நீளத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் வரும். அதைப் பையில் போடுவது என் வேலை. புது ஆட்களோடு பேச எனக்கு வாய் வராது. தமிழிலேயே அப்படி என்றால் இங்கிலீஷில் கேட்கவா வேண்டும். யெஸ், தேங்க்யூ, சொரி, இந்த மூன்றை வைத்தே காலம் தள்ளுகிறேன்.

தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் பிறந்த எங்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் என்பது பெரிய விஷயம். நாவுல என்ற ஊருக்குப் போகும் வழியில் அதை வாங்கி, போன வருஷம் அத்திவாரம் வெட்டத் தொடங்கினோம். வெட்டத் தொடங்கிய மூன்றாவது நாள் என் மனைவி புஷ்பம் போன் எடுத்தாள்.

"என்னங்க, வேலைய நிப்பாட்டிட்டோம்."

ஈசான மூலையில் மண்ணுக்கடியில் ஒரு தட்டையான கல். கல்லின் மேல் ஒரு சின்னக் காசு. அதில் முக்காடு போட்ட ஒரு பெண் முகம், தலையில் குட்டிக் கிரீடம். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்து அம்மன் என்று சொல்லிவிட்டார்கள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சூடமும் கொளுத்தியாகிவிட்டது.

"அம்மன்னு எப்படிச் சொல்றாங்க?"

"பின்னால திருப்பிப் பாத்தா சிங்கம் இருக்குங்க. வீணை கூட இருக்கு. அம்மன் வந்த எடத்துல வீடு கட்டக் கூடாதாம். கோயில் தான் கட்டணுமாம்."

எத்தனையோ காலம் சேர்த்து வாங்கிய நிலம். அம்மனுக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லவும் அவளுக்குப் பயம். கொடுத்துவிட்டு மறுபடி லயத்துக்குப் போகவும் மனமில்லை. போனை எங்கள் வீடு கட்டும் மேசன் ஜவுபர் நானா வாங்கினார்.

"தம்பி, பாத்தா பழைய இங்கிலீஷ் சல்லிக்காசு மாதிரி ஈக்கி. எனக்கு இதுல ஒன்னும் இல்ல. ஆனா ஒங்கட ஆக்கள் கும்புடுற எடத்துல நான் எப்படி கொங்கிரீட் கொட்டுற? நீங்க தானே சீமையில ஈக்கீங்க, கேட்டுச் சொல்லுங்க. மழை வந்தா குழி இடிஞ்சி போகும்."

சீமையில் இருப்பவனுக்குச் சீமையில் உள்ள எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. புஷ்பம் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சளும் குங்குமமும்தான் தெரிந்தன.

இங்கே நான் இருக்கும் சிற்றூரில் சனிக்கிழமைச் சந்தையில் பழைய காசு விற்கும் ஓர் அம்மா உண்டு. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் ஒரு பூதக்கண்ணாடி. அவரிடம் போய்ப் பேசத் தைரியம் வராமல் பக்கத்துக் கடையில் காலுறை பார்ப்பதுபோல் நின்றேன். நின்ற குற்றத்துக்கு ஒரு சோடி வாங்கினேன். மறுபடி நின்றேன். இரண்டாவது சோடியும் வாங்கிய பிறகு, இதற்கு மேல் கால் இல்லை என்று காசுக் கடைக்குப் போய், பேசாமல் போனை நீட்டினேன்.

அவர் பார்த்தார். சிரிப்பை அடக்கினார். இந்த அலங்காரம் யார் செய்தது என்று கேட்டது புரிந்தது.

"மை வைஃப்."

"வொய்?"

"ஹவுஸ்," என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

அவர் மரியாதையாகத் தலையாட்டினார். உங்கள் மனைவி ஓவியம் வரைபவரா என்று கேட்டார். யெஸ் என்றுவிட்டேன். பிறகு மஞ்சளைக் காட்டி, எழுத்து தெரியவில்லை, கழுவச் சொல் என்று கையால் செய்து காட்டினார். அங்கேயே வீடியோவில் புஷ்பத்தைக் கூப்பிட்டேன்.

"கழுவுறதா? அது சாமியா இருந்தா?"

"கோயில்ல அபிஷேகம் பண்றதில்லையா? அப்படி நெனச்சு தண்ணிய ஊத்து."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, செம்பால் நீர் வார்த்தாள். பின்னால் ஜவுபர் நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார். கடைக்கார அம்மா பதறி, "டோன்ட் ரப், டோன்ட் ரப்," என்றார்.

"தேய்க்க வேணாங்கிறாங்க புஷ்பம்."

"சாமிய யாராச்சும் தேய்ப்பாங்களா? பாருங்க, அந்த அம்மாவுக்கே தெரிஞ்சிருக்கு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஒருத்திக்கு அது பழைய வெள்ளி, ஒருத்திக்கு அம்மன். நடுவில் நான் யெஸ், யெஸ் என்று நின்றேன்.

குங்குமம் கரைந்தது. மஞ்சளும் போனது. ஆனால் எழுத்துகளின் இடுக்கில் மட்டும் ஒரு மஞ்சள் போகவில்லை. கடைக்கார அம்மா பூதக்கண்ணாடியைப் போனுக்கு மேல் பிடித்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். விக்டோரியா. அந்த மகாராணி பட்டத்துக்கு வந்து ஐம்பது வருஷமான கொண்டாட்டத்துக்கு அடித்த ஆறு பென்ஸ், வெள்ளிக் காசு. சிங்கமும் வீணையும் அரசாங்கச் சின்னம். எவ்வளவு பெறுமதி என்று காசில் எழுதாமல் விட்டுவிட்டார்களாம். அளவில் அரைப் பவுண் தங்கக் காசு மாதிரியே இருந்ததால், சிலர் தங்கமுலாம் பூசித் தங்கம் என்று தள்ளிவிட்டார்களாம். அதனால் அதே வருஷம் அடிப்பதை நிறுத்திவிட்டார்களாம். இவ்வளவையும் தன் தட்டிலிருந்த காசுகளைக் காட்டிக் காட்டி எனக்குப் புரியவைத்தார். இடுக்கில் இருந்தது அந்த முலாம்தான்.

"அம்மன் இல்ல புஷ்பம். மகாராணி. தங்கமும் இல்ல, பூச்சு."

அவள் முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. உடனே ஒரு வருத்தமும் வந்தது.

"அப்ப நமக்கு முந்தி இங்க யாரோ மனை போட்டு வச்ச காசுங்க இது. தங்கம்னு நம்பித்தானே வச்சிருப்பாங்க. பாவம்."

"பொய்த் தங்கத்துக்கே மண் இவ்வளவு நாள் காவல் காத்தீக்கி," என்றார் ஜவுபர் நானா. "நல்ல மண் தான். கட்டுவோம்."

வீடு தொடங்கும்போது மனையில் காசு போட வேண்டியது வீட்டுக்காரன் கை. மறுநாள் காலை நல்ல நேரம். நான் இங்கே கரட் பக்கத்தில். அதற்கும் புஷ்பமே வழி கண்டாள். மகாராணிக்குப் புதிதாக ஒரு பொட்டு வைத்து, அதே கல்லின் மேல் வைத்தாள்.

"இருக்கட்டும். இவங்களும் அங்கருந்து தானே வந்தாங்க. ஒங்களுக்குப் பதிலா இவங்க."

மேலே கொங்கிரீட் விழும் சத்தத்தை இங்கிருந்து போனில் கேட்டேன். அந்த மூலையில் இப்போது சாமி அறை இருக்கிறது. நான் இன்னும் அதற்குள் கால் வைக்கவில்லை.

சனிக்கிழமைகளில் கடைக்கார அம்மா தூரத்திலேயே கையைத் தூக்கி, "ஹவ் இஸ் ஷி?" என்கிறார். முதல் தடவை என் மனைவியைக் கேட்கிறார் என்று நினைத்தேன். இப்போது தெரியும், அவர் கேட்பது மகாராணியை. கையை இடுப்புக்கும் பிறகு தோளுக்கும் உயர்த்தி, மகாராணிக்கு மேல் சுவர் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று காட்டுகிறேன். போன வாரம் தலைக்கு மேல் இரண்டு கைகளையும் கூப்பிக் கூரை காட்டினேன். அவர் அதைக் கும்பிடு என்று நினைத்து, சந்தை நடுவில் நின்று, என் வீடு இருக்கும் திசை தெரியாமல், எனக்கே திருப்பிக் கும்பிட்டார்.