ஓட்டை டின்னும் சிவப்பு எண்ணெயும்

எஸ்டேட் கேட்டில் காவலர் அகமது என் எண்ணெய் டின்களில் ஆணியை இறக்கியபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மூன்று டின்! சுங்கைப் பட்டாணி டவுன் கடையில் சொல்லிவைத்து, வாரக்கணக்கில் காத்திருந்து வாங்கியவை.

வெள்ளைக்காரர் ஆட்சியின் எமர்ஜென்சி காலம் அது. சாப்பாட்டு டின் எதுவானாலும் ஓட்டை போட்டுத்தான் உள்ளே விடுவார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனாலும் பதுக்கி வைக்க முடியாதல்லவா? ஓட்டையில் பொங்கிய சிவப்பைப் பார்த்துவிட்டு, "மிஞ்ஞாக் சாவிட் லா!" என்றார் அகமது. செம்பனை எண்ணெயாம்!

"ஐயோ பாங், இது கெரேத்தா கியருக்கு, கார் கியருக்கு ஊத்துறது!" என்று கத்தினேன். தமிழில் நாலு வார்த்தை திட்டியும் விட்டேன்.

நான் அந்த எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். துரையின் அமெரிக்கக் காரில் கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். துப்பாக்கிச் சூட்டுக்குப் பயந்து கதவுகளுக்கு இரும்புத் தகடு அடித்தபின் வண்டி பிணக்கனம். கியர் எண்ணெய் பாலில்லாத கோப்பி ஓ போலக் கறுத்து, தீய்ந்து நாறியது. ஓட்டியவர் என் அக்காள் கணவர் வீராசாமி மாமா.

"மாப்ளே, மிதிச்சா இஞ்சின் உறுமுது, வண்டி நகர மாட்டேங்குது. வழியில சுட்டான்னா நான் எறங்கித் தள்ளுறதா?"

துரையிடம் போனேன். அவர் கார் கையேட்டைத் தட்டிக் காட்டினார். "புஸ்தகத்துலே மாத்து சொல்லலே. கொறைஞ்சா ஊத்து. மிச்சம் ஸ்டோர்லே வை."

அதற்காகத்தான் அந்த மூன்று டின். ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணியோ ஒழுகும் டின்களைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார். "இதுல மழத்தண்ணி எறங்கும்யா. இன்னிக்கே ஊத்து, இல்லாட்டி கொட்டு."

கொட்ட மனசு வரவில்லை. துரை மதியத் தூக்கத்தில் இருந்தார். வருவது வரட்டும் என்று பழையதை வடித்தேன். அடியில் கரிச்சேறு. துடைத்துவிட்டுப் புதியதை ஊற்றினேன்.

மூன்றாம் நாள் பீடோங் ரோட்டு வளைவில், ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து சுட்டார்கள். மாமா மிதித்தார். வண்டி திணறாமல் பாய்ந்தது. பின்கதவுத் தகட்டில் இரண்டு பள்ளம். மாமாவுக்கும் துரைக்கும் ஒரு கீறல் இல்லை. சொல்பேச்சை ஏன் மீறினாய் என்று துரை கடைசிவரை கேட்கவில்லை.

அக்காள் என் எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த நன்றி எனக்குரியதல்ல. டின்கள் முழுசாக இருந்திருந்தால் நல்ல பிள்ளையாக ஸ்டோரில் அடுக்கியிருப்பேன். மாமாவைப் புதைத்திருப்போம்.

அக்காள் கிண்டிய கேசரியோடு கேட்டுக்குப் போய், திட்டியதற்கு அகமதுவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கண்ணை உருட்டி, "சாப்பாடு கேட்டைத் தாண்டி வெளியே போகக் கூடாது, தெரியும்லா?" என்றார் மலாயில். பிறகு கேட்டுக்கு உள்பக்கமே நின்று தட்டைக் காலி செய்தார்.

ஆட்டோ கியர் எண்ணெயை மாற்ற வேண்டுமா என்று பட்டறைத் தம்பிகள் இன்றும் கேட்கிறார்கள். புத்தகம் எழுதியவர் தகடு அடித்த காரைப் பார்த்ததில்லை, தம்பிகளே. மோந்து பாருங்கள். தீய்ந்து நாறினால் மாற்றுங்கள். உங்கள் டின்னில் ஓட்டை போட அகமது வரமாட்டார்.