அமா யூடோனின் உப்புக் கை

அமா யூடோன் அண்டாவைப் பார்த்து உப்புப் போடுவதில்லை. உதடு மந்திரத்தை முணுமுணுக்கும், இடக்கை ஜெபமாலையை உருட்டும், வலக்கை தானாகவே உப்புச் சாடிக்குள் போய் வரும். அந்தக் கையளவை ஒருநாள் மருந்தகத் தராசில் மூன்று முறை நிறுத்துப் பார்த்தேன். மூன்று முறையும் இருநூற்றுப் பத்து கிராம். நாற்பது லிட்டர் வெண்ணெய்த் தேநீருக்கு அது; நாளுக்கு மூன்று அண்டா.

"பரவால்லையே கென்-லா, உங்க தராசு சரியாத்தான் இருக்கு" என்றார். முகாம் டாக்டரான என்னை அவர் அழைப்பது அப்படித்தான்; கென் என்றால் ஆசான், லா மரியாதைக்கு.

திபெத்தியர் குடியிருப்பின் மூன்றாம் முகாமில் முதியோர் இல்லத்துக்கு இருபத்திரண்டு வருடமாக அவர்தான் சமையல். வயது ஐம்பத்தெட்டு. கணவர் இல்லை, அடுக்களைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறைதான் வீடு. எடை தொண்ணூற்று நான்கு கிலோ. அவர் உட்காரும் முக்காலிக்குத் தச்சர் நாலாவதாக ஒரு கால் வைத்துக் கொடுத்திருக்கிறார். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டைக்கு அவர் வைத்த பெயர் மலைப்பாம்பு. "இது இறுக்கறப்பவே ரத்தம் பயந்து ஏறிடுது. பயத்தையெல்லாம் நோட்டுல எழுதாதீங்க." எழுதினேன்: 182/108. சர்க்கரை 240.

இல்லத்தில் அறுபத்து நாலு பேர். அதில் நாற்பத்தொரு பேருக்கு ரத்த அழுத்தத்தின் மேல் எண் நூற்று அறுபதைத் தாண்டியிருந்தது. உப்பைக் குறைக்கச் சொன்னார் செவிலி சிமே. யூடோன் மறுநாளே நூடுல்ஸ் சூப்பில் பாதியாகக் குறைத்தார். முதல் வாயிலேயே எழுந்தவர் தொப்கியால், பழைய லாரி ஓட்டுநர், எண்பத்தோரு வயது. "இது சூப்பா, கை கழுவின தண்ணியா?" என்று கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். அறுபத்து மூன்று கிண்ணங்களும் கூடவே கவிழ்ந்தன. இன்னொரு புகார் வந்தால் வேறு ஆள் என்று இல்லத்தை நடத்தும் குழுவிலிருந்து யூடோனுக்குக் கடிதம் வந்தது. வேலை போனால் அறையும் போகும். உப்பு பழையபடி ஏறியது. அதே மாதம், அவரோடு சேர்ந்து தேநீரைக் கடைந்துவந்த பாசாங் மூளையில் ரத்தம் கசிந்து இறந்துபோனார்.

பாசாங்கின் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் யூடோன் மூச்சிரைக்க மருந்தகத்துக்கு வந்தார்.

"கென்-லா, சாப்பாட்டுல உப்பு எவ்வளவுன்னு சிஸ்டர் கேப்பாங்க. கொஞ்சம்தான்னு நாங்க சொல்வோம். நீங்க அப்படியே எழுதிக்குவீங்க. இல்லையா?"

"ஆமாம்."

"டீயை யாராச்சும் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஒன்பது வருட நோட்டில் தேநீர் என்ற சொல்லே இல்லை. இங்கே தேநீர் சாப்பாட்டில் சேராது. ஒரு மடக்குக் குடித்தால் மறுபடி விளிம்புவரை நிரப்பிவிடுவார்கள். கிண்ணம் காலியாக இருந்தால் வீட்டுக்கே அவமானம். எண்ணிப் பார்த்தோம். ஆளுக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கிண்ணம்.

சூப்பில் செய்த தவறை அவர் இம்முறை செய்யவில்லை. தேநீர் உப்பில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒன்றரைத் தேக்கரண்டி மட்டும் குறைத்தார். கடைவதை மட்டும் கூட்டினார். "நுரை நல்லா வந்தா நாக்கு வேற எதையும் தேடாது." ஒவ்வொரு பௌர்ணமிக் காலையிலும் அடுக்களைக் கதவிடுக்கில் நின்று தொப்கியாலின் முதல் மடக்கைப் பார்ப்பார். "இன்னிக்கு மாட்டினேன், மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்" என்பார். கிழவர் குடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினால்தான் இவருக்கு மூச்சு வரும். தன் தட்டில் வெள்ளைச் சோற்றை நிறுத்திவிட்டு வறுத்த பார்லி மாவுக்குத் திரும்பினார். விடிந்ததும் ஸ்தூபியை ஏழு சுற்று நடந்தார்.

பதினான்கு பௌர்ணமி. நேற்று அந்தக் கையளவை மறுபடி நிறுத்தேன்: தொண்ணூற்றெட்டு கிராம். நூற்று அறுபதைத் தாண்டிய நாற்பத்தொரு பேர் பதினேழாகியிருந்தார்கள். நம்பாமல் ஒவ்வொருவரையும் இரண்டாம் தடவை அளக்கச் சொன்னேன், பதினேழுதான். யூடோனுக்கு 138/84, சர்க்கரை 128, எடை எண்பத்தொன்று. தொப்கியாலுக்கு 134. "லாரி ஓட்டின உடம்புடா, சும்மாவா!" என்று தோளைத் தட்டிக்கொண்டார்.

இதைப் பத்திரிகைக்கு எழுதலாமா என்று யூடோனிடம் கேட்டேன். "தாராளமா எழுதுங்க. இங்க யாரு தமிழ் படிக்கிறா?" என்றார்.

இன்று காலை குழுத் தலைவர் இல்லத்தைப் பார்வையிட வந்தார். ஒரு மடக்குக் குடித்ததும் முகம் சுளித்தார்.

"என்ன அமா-லா, உப்புப் போட மறந்துட்டீங்களா?"

யூடோன் கெண்டியோடு தலைவர் பக்கம் திரும்பினார். அவர் வாய் திறக்குமுன் தொப்கியால் கைத்தடியைத் தரையில் ஓங்கித் தட்டினார்.

"தலைவரே, இருபத்திரண்டு வருஷமா நாங்க குடிக்கிற டீ இது. ஒரு கல்லு உப்பு கூடினதில்ல, குறைஞ்சதில்ல. கோளாறு உங்க நாக்குல!"

"டாக்டர்கிட்ட காட்டுங்க!" என்று பின்வரிசையில் ஒரு பாட்டி கத்த, கூடமே சிரித்தது.

பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் பழைய வழக்கப்படி யூடோன் தலையைக் குனிந்து, நாக்கை முழுசாக வெளியே நீட்டினார். நீட்டியபடியே, தலைவரின் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பினார்.