புக்குல் பெராப்பா?

காலை ஏழு மணிக்கு என் மகன் சேகர், "அப்பா, தொடை சுளுக்கிக்கிச்சு" என்றான். பதினொரு வயது. பள்ளிச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவன் கட்டிலில் சுருண்டுவிட்டான்.

அன்று எனக்கு விடுப்பு. சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் செம்பவாங் கப்பல் பட்டறையில் சுளுக்கு என்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். 'அண்ணன் கை பட்டா கப்பல் கயித்து முடிச்சே அவுந்துடும்' என்பார்கள். அந்தத் தைரியத்தில் எண்ணெய் தடவித் தொடையை உருவினேன். அலறினான். இரண்டு முறை வாந்தி எடுத்தான்.

"சுளுக்குக்கு யாருங்க வாந்தி எடுப்பாங்க?" என்றாள் என் மனைவி.

"நீ சும்மா இரு லா" என்றேன்.

ஒரு மணிக்கு, அம்மா அந்தப் பக்கம் போனதும், "தொடை இல்லப்பா, கீழே" என்று காட்டிவிட்டு முகத்தை மூடிக்கொண்டான். விதைப்பை இடப்பக்கம் சிவந்து வீங்கியிருந்தது. அம்மா முன்னால் சொல்லக் கூசித்தான் தொடை என்றிருக்கிறான்.

பக்கத்து வீட்டுக்காரர் காரில் நகரத்து மருத்துவமனைக்கு ஓடினோம். சீன மருத்துவர் சேகரைத் தொட்டுப் பார்த்ததும் மலாயில் கேட்டார்: "புக்குல் பெராப்பா?"

மணி எத்தனை என்று பொருள். தினம் காதில் விழுவதுதான். ஆனால் 'புக்குல்' என்றால் அடிப்பதும்தான். எனக்குக் கேட்டது, எத்தனை அடி அடித்தாய் என்று.

"நான் அடிக்கல டாக்டர், உருவித்தான் விட்டேன்!" என்று தமிழிலேயே அழுதேன்.

அங்கிருந்த தமிழ் ஊழியர் என் தோளைப் பிடித்தார். "அண்ணே, அடிச்சீங்களான்னு கேக்கல. வலி எத்தன மணிக்கு வந்துச்சுன்னு கேக்குறாரு."

"ஏழு."

சுவர்க் கடிகாரத்தில் இரண்டேகால். மருத்துவர் கட்டிலைத் தானே தள்ளிக்கொண்டு ஓடினார்.

விதை முறுக்கம் (விதைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளம் முறுக்கிக்கொள்வது). ஐந்தாறு மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றலாமாம். சேகரின் இடது விதை கறுத்துப்போயிருந்தது, எடுத்துவிட்டார்கள். வலது பக்கமும் முறுக்காமலிருக்கத் தையல் போட்டார்கள். கல்யாணம், பிள்ளைகுட்டிக்கு ஒன்று போதும் என்றார் மருத்துவர்.

பையன் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். தொடை என்றாலும் அடிவயிறு என்றாலும் கூச்சப்படாமல் கேளுங்கள், பாருங்கள். உருவாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சேகர் மறுபடி பந்து உதைக்கிறான். என் கைதான் பழைய கை இல்லை. யாராவது சுளுக்கு என்று வந்தால், எண்ணெயைத் தொடுமுன் "எத்தன மணிக்கு?" என்று கேட்டுவிடுகிறேன்.

அடிக்கவில்லை என்று அழுதேன். ஏழிலிருந்து ஒன்றுவரை மணிக்கு ஒன்றாக எண்ணிப் பார்த்தால், ஆறு அடி.