ஆளில்லாத தூளி

நைனா, தம்பியை உட்கார வைத்தது நீங்கள்தான். அம்மாவுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் முதல் ஆள் நீங்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபை முன்னால் மைக்கைப் பிடித்து, "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஓடவே தெரியல, எந்நேரமும் போனு" என்றீர்கள். சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தீர்கள். சபையும் பார்த்தது. பதினாறு வயதில் சர்ச் படி ஏறவே மூச்சு வாங்குகிற பையன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குத் தூளி ஞாபகம் வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது, தம்பிக்கு மூன்று. சித்தூரில் இரண்டு அறை வாடகை வீடு. உங்களுக்குத் திருப்பதியில் வேலை. பஸ்ஸில் உட்கார்ந்து போவீர்கள், ஆபீஸில் உட்கார்ந்திருப்பீர்கள், பஸ்ஸில் உட்கார்ந்து வருவீர்கள், வந்ததும் கட்டிலில் சாய்வீர்கள். அந்த வருஷம் உங்கள் ஆபீஸில் நடைப்போட்டி வைத்தார்கள். யார் எவ்வளவு நடக்கிறார் என்று அவரவர் செல்போனே எண்ணிச் சொல்லுமாம். ஒரு வாரம் நிஜமாகவே நடந்தீர்கள். தம்பி செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு உங்கள் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் ஓடினான். அவன் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு வாரம்தான். பிறகு வெயில் என்றீர்கள், முட்டி வலி என்றீர்கள். செல்போனைத் தம்பியின் தூளியில் போட்டு ஆட்டினாலும் நடைக் கணக்கு ஏறுகிறது என்று கண்டுபிடித்தீர்கள்.

அன்றிலிருந்து தம்பிக்குத் தரையில் பாய்.

அம்மாவின் பச்சைப் புடவையில் கட்டிய தூளி அது. அதிலிருந்து ஒரு கயிற்றை இழுத்து உங்கள் கால் கட்டைவிரலில் கட்டிக்கொள்வீர்கள். உங்கள் கண் டிவி கிரிக்கெட்டில் இருக்கும். அம்மா தன் போனில் சீரியல் பார்ப்பார், நான் அவர் தோளில் சாய்ந்து அதையே பார்ப்பேன். உங்கள் போனின் வெளிச்சம் அணையாமல் தூளிக்குள் எரியும். வீட்டில் அசைவது அது ஒன்றுதான். துணிக்குள் எதுவோ மூச்சு விடுவது போல வெளிச்சம் போய்ப் போய் வரும். தம்பி அதற்குக் கீழே உட்கார்ந்து கழுத்தை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருப்பான்.

ஒருநாள் எதிர்வீட்டு அத்தை கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். வாசலைத் தாண்டவில்லை, அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாமே இது, கொழந்த கீழ குந்திகினு கீது, நீங்க வெறுந்தூளிய ஆட்டிக்கினு கீறீங்க? புள்ளைக்கு ஆவாதுன்னு தெரியாது?"

"வெறுந்தூளி இல்லக்கா. உள்ள எங்க ஊட்டுக்காரு நடந்துகினு கீறாரு" என்றார் அம்மா.

"இப்பதான் காணிப்பாக்கம் தாண்டிக்கினு கீறேன், பேச்சு குடுக்காதீங்க" என்றீர்கள் நீங்கள்.

அத்தை சிரிக்கவில்லை. உள்ளே வந்து தூளியைப் பிடித்து நிறுத்தினார். "வுடும்மா, கவுண்ட் போயிடும்" என்று எரிந்து விழுந்தீர்கள். அவர் தம்பியின் தலையைத் தடவிவிட்டுப் போனார். அவர் வாசல் தாண்டுவதற்குள் தூளி மறுபடி ஆடியது.

வெறுந்தூளியில் எது வந்து படுக்கும் என்று அத்தை சொல்லவில்லை. நானே முடிவு செய்துகொண்டேன். உள்ளே ஒன்று படுத்திருக்கிறது, தம்பி நடக்க வேண்டிய நடையை எல்லாம் அது நடந்து தீர்க்கிறது. அதற்குப் பிறகு நான் தூளிப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்ததே இல்லை.

அப்புறம் ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. டிவி செத்தது, ஃபேன் நின்றது. தூளி நிற்கவில்லை. நீங்கள் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தீர்கள், கால் மட்டும் தானாக ஆடிக்கொண்டிருந்தது. பச்சை வெளிச்சம் சுவரில் ஏறி இறங்கியது. தம்பி தூளியைக் காட்டி, "நைனா" என்றான்.

"நைனா கட்டில்ல கீறாருடா" என்றேன்.

அவன் கட்டில் பக்கம் திரும்பவே இல்லை. தூளியைப் பார்த்தபடியே, மெதுவாக, "நைனா நடக்குது" என்றான்.

அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "சும்மா குந்து" என்றார். அவர் முகத்திலும் வெளிச்சம் இருந்தது.

போட்டியில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். ஆபீஸில் சால்வை போட்டார்கள். சர்ச்சில் அறுப்பின் பண்டிகை அன்று பாஸ்டர் அதை மைக்கில் சொல்ல, நீங்கள் அந்தச் சால்வையோடு எழுந்து கும்பிட்டீர்கள். பிறகு சின்னப் பிள்ளைகளுக்கு மிட்டாய் ஓட்டம். மைதானத்தின் அந்தக் கோடியில் மிட்டாயைக் கொட்டியிருந்தார்கள். ஓடிப்போய்ப் பொறுக்க வேண்டும். தம்பியைக் கோட்டில் நிறுத்தியது நான்.

விசில் ஊதியதும் எல்லாரும் ஓடினார்கள். தம்பி கோட்டிலேயே உட்கார்ந்தான். சட்டையில் குத்தியிருந்த கைக்குட்டையைப் பிடுங்கினான். ஒரு சப்பைக் கல்லை அதில் வைத்து, முனைகளைச் சேர்த்துப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தான்.

"ஓட்றா!" என்று கத்தினேன்.

"ஓடிக்கினு கீறேன்க்கா."

சபையே விழுந்து விழுந்து சிரித்தது. நீங்கள் வீடியோ எடுத்தீர்கள். ஓடிய பிள்ளைகள் திரும்பி வந்து அவனைச் சுற்றி நின்று மிட்டாய் தின்றார்கள். அவன் நிமிரவில்லை. கழுத்து மட்டும் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது. நான் கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். அவனுக்கு வேர்த்திருந்தது. மூச்சு வாங்கியது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் தூளியை அவிழ்த்துப் புடவையை உதறினேன். உள்ளே இருப்பது விழுந்து ஓடிவிடும், தம்பிக்குக் கால் திரும்ப வந்துவிடும் என்று நினைத்தேன். எதுவும் விழவில்லை. மடிப்பு மடிப்பாகப் பிரித்துத் தேடினேன். கட்டில் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை. நீங்கள் அங்கே படுத்துக்கொண்டு, மைதானத்தில் எடுத்த வீடியோவை அம்மாவுக்குப் போட்டுக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

வருகிற ஞாயிறும் மைக் உங்கள் கைக்கு வரும். சால்வை இன்னும் பீரோவில்தான் இருக்கிறது, போட்டுக்கொண்டு வாருங்கள். தம்பியை முதல் வரிசையில் உட்கார வைக்கிறேன். அந்த வருஷம் நடந்தது யார் என்று அவன் முகத்தைப் பார்த்து, சபை கேட்கச் சொல்லுங்கள்.