நாலாம் பாட்டு வந்ததும் துடைக்கணும்

பியூட்டி பார்லர் தொழிலில் கை செய்கிற வேலை கால்வாசி, காயட்டும் என்று காத்திருக்கிற வேலை முக்கால்வாசி.

நின்று நின்று கால் வீங்கி, புருவம் எடுக்கிற நூலைக் கடித்துக் கடித்து முன்பல் கூசிப்போன சகோதரிகளுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் எட்டாவதோடு நின்றவள். மகன், மகள் இரண்டு பேரும் படித்து வேலைக்குப் போன பிறகு மூன்று மாதக் கோர்ஸ் முடித்து, அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு சாய்வு நாற்காலியும் ஒரு ஸ்டூலும் போட்டுக் கடை திறந்தேன். புருவம் எடுக்க வந்தார்கள், முடி வெட்ட வந்தார்கள், முகத்துக்குப் பேக் போட வந்தார்கள். கல்யாணப் பொண்ணு மட்டும் வரவில்லை. ஒரு மணப்பெண் உட்கார்ந்து எழுந்தால்தான் ஊரில் அது பார்லர். அதுவரைக்கும் அது யாரோ ஒருத்தி வீட்டு முன்னறை. கதவு திறக்கும்போதெல்லாம் சாமி படத்தைப் பார்த்து, "ஒரே ஒரு பொண்ணை அனுப்பு தாயே" என்று இரண்டு வருஷம் கேட்டிருக்கிறேன்.

பதிகம் போய்ப் பாட்டு வந்தது

ஆரம்பத்தில் நேரம் பார்ப்பதற்கு நான் மனசுக்குள் பதிகம் சொல்லுவேன். நூல் பல்லில், கண் புருவத்தில் இருக்கும்போது சுவர்க் கடிகாரத்தை எங்கே பார்ப்பது? மூன்று தடவை சொல்லி முடித்தால் பேக்கைக் கழுவலாம் என்று ஒரு கணக்கு. ஆனால் நடுவில் யாராவது, "யக்கா, இன்னைக்கு என்ன குழம்பு?" என்று கேட்டுவிடுவார்கள். வரி விட்டுப்போகும். சாமி பாட்டை அரைகுறையாக விட மனசு வராமல் முதலிலிருந்து ஆரம்பிப்பேன். அப்படி ஆரம்பித்து ஆரம்பித்து ஒரு டீச்சரம்மா முகத்தில் பேக் ஓடு மாதிரி காய்ந்து, ஈரத்துணி போட்டு ஊறவைத்து உரிக்க வேண்டியதாகிவிட்டது.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற என் மகள் மீனா லீவில் வந்திருந்தாள். இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு தன்னுடைய பழைய போனையும் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் அலமாரியில் வைத்தாள். கொரியா நாட்டில் ஐந்து பெண் பிள்ளைகள் சேர்ந்து பாடுகிறார்களாம், மினி ஆல்பமாம், ஆறே பாட்டாம். ஒவ்வொன்றும் மூன்று நிமிஷம். "பிளீச்சுன்னா மூணு பாட்டு. நாலாம் பாட்டு ஆரம்பிச்சதும் துடைச்சிரு. பேக்குன்னா ஆறும் முடியணும்" என்று பாடம் சொன்னாள். எனக்கு அந்த முதல் பாட்டு தெரியும். தெருப்பிள்ளைகளெல்லாம் போன் முன்னால் ஆடுகிற பாட்டுதான். அது ஒன்று போதாதா, மற்றது எதற்கு என்று கேட்டேன். மீனாவுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது.

"எல்லாரும் இப்படித்தாம்மா. பந்தியில உக்காந்து அப்பளத்தை மட்டும் நொறுக்கிட்டு எந்திரிச்சுப் போறாக!"

தள்ள முடியாத இரண்டாம் பாட்டு

காலேஜ் பிள்ளை ஒருத்தி. முதல் பாட்டு ஓடும்வரை நாற்காலியில் படுத்தபடியே தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். அதற்குள் பேக் போட்டு முடித்துவிட்டேன். பேக் போட்டால் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, வெடித்துவிடும். இரண்டாம் பாட்டு வந்ததும் 'மாத்துங்க, மாத்துங்க' என்று கையை ஆட்டினாள். என் கை இரண்டும் முட்டியளவு கடலைமாவும் தயிரும். போனைத் தொட்டால் மகள் என்னைத் தொலைத்துவிடுவாள். "கொஞ்சம் பொறுத்துக்க தாயி" என்றேன்.

அந்த ஐந்து பேரில் கட்டைக் குரல்காரி ஒருத்தி இருக்கிறாள். முதல் பாட்டில் அவளுக்கு இரண்டே வரிதான் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாம் பாட்டு முழுக்க அவள் ராஜ்ஜியம். மாடிப்படியில் ஒவ்வொரு படியாக அவசரப்படாமல் இறங்கி வருகிற மாதிரி பாடுவாள். படுத்திருந்த பிள்ளையின் கை மெதுவாகக் கீழே இறங்கியது. அப்புறம் கட்டை விரல் மட்டும் தாளம் போட்டது. முகத்தைக் கழுவிவிட்டதும் முதல் வேலையாக அவள் சொன்னது:

"ஆன்ட்டி, இந்தப் பாட்டை எப்பவும் தள்ளிவிட்டுருவேன். இங்க தள்ள முடியாமப் போச்சு, அதான் பிடிச்சுப் போச்சு."

மூன்றாம் பாட்டும் மாமியாரும்

எங்கள் தெருவில் நெசவுக் குடும்பத்து மருமகள் ஒருத்தி முடிக்கு மருதாணி வைக்க வருவாள். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். மூன்றாம் பாட்டு அவளுக்கு உயிர். அது முழுக்கக் கைத்தட்டல். கும்மிக்கு நிற்கிற பெண்கள் மாதிரி ஒருத்தி கேட்க நாலு பேர் பதில் சொல்லுவார்கள். மருதாணித் தலையோடு இவளும் நடுவில் ஒரு தட்டு தட்டுவாள், சுவரில் தெறிக்கும்.

"ஒரு வார்த்தையாவது புரியுதா?" என்று ஒருநாள் கேட்டேன். அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"எங்க மாமியா திட்டும்போதே நான் அர்த்தம் பாக்க மாட்டேன் அக்கா, தாளம் மட்டுந்தான் கேப்பேன்."

பஞ்சவர்ணத்தின் பாட்டு

பஞ்சவர்ணம் திருச்சுழிப் பக்கத்துக் கிராமம். மழையை நம்பின மானாவாரிக் காடு பத்துக் குறுக்கம், ஏறக்குறைய பத்து ஏக்கர், வைத்துப் பாடுபடுகிற பெண். முதல் தடவை மகளுக்குத் துணையாக வந்தவள், மகளை எழுப்பிவிட்டுத் தானே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "வெயில்லயே கருகுற மூஞ்சிக்கு மாசத்துல ஒரு நாளு நிழலு வேணாமா?" என்றாள். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை பஸ்ஸேறி வந்துவிடுவாள்.

முதல் பாட்டு வந்தால் அவளுக்குப் பிடிக்காது, கண்ணை இறுக்கிக்கொள்வாள். நாலாம் பாட்டில்தான் முகம் அவிழும். அந்தப் பாட்டில் கொட்டு கிடையாது. தகரத்தில் தூத்தல் விழுகிற மாதிரி விட்டு விட்டு ஒரு சத்தம். மேலே ஒரே ஒரு பிள்ளையின் குரல். கொஞ்ச நேரத்தில் மற்ற நாலு பேரும் ஒவ்வொருத்தராகச் சேர்ந்துகொள்வார்கள், ஓரமாக ஆரம்பித்த மழை ஊருக்குள் வருவது போல. ஒரு ஐப்பசி மாதம், விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சமயம், அந்தப் பாட்டு முடிகிற வரைக்கும் அவள் கண்ணோரத்தில் பேக் ஈரமாகவே இருந்தது. கழுவி முடித்துத் துண்டைக் கொடுத்தேன். வாங்கித் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"மொதப் பாட்டு சும்மா இடிக்குது யக்கா. இந்தப் பாட்டுதான் பெய்யுது."

விளக்கு பூஜையில் ஐந்தாம் பாட்டு

ஐந்தாம் பாட்டு பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம். ஐந்து பேரும் ஒரே குரலில், நிதானமாக, யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் யாரைக் கூப்பிடுகிறார்களோ தெரியாது. எனக்கு அம்மன்தான் ஞாபகம் வரும். ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு பூஜையில் குங்குமம் போட்டுக்கொண்டே பாடினோம். வார்த்தை என்னவோ சாமி வார்த்தைதான். ராகம் எப்படியோ கொரியாவுக்குப் போய்விட்டது. பக்கத்தில் இருந்தவர்களும் என் பின்னாலேயே வந்துவிட்டார்கள். தாயே, மன்னிச்சுக்க என்று கும்பிட்டேன்.

பூஜை முடிந்து சுண்டல் வாங்கும்போது எதிர்வீட்டு மதினி என்னைப் பிடித்துக்கொண்டார். எங்கள் பார்லருக்கும் வருகிறவர்தான், காது கொஞ்சம் மந்தம்.

"புது ராகமா இருக்கே, ரொம்ப உருக்கமா இருக்கு! எந்தக் கோயில்ல இப்படிப் பாடுறாக?"

வீரசோழன் பஸ்

பாத்திமா அக்கா வீரசோழனிலிருந்து வருவார். ஆறாம் பாட்டு ஆரம்பிக்கும்போதே பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். அரைகுறையாகக் கழுவிக்கொண்டு ஓடுவார். ஒருநாள் அந்த நேரத்துப் பஸ் வரவில்லை என்று பாதி வழியில் கேள்விப்பட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். நான் இன்னொருத்தருக்குப் பேக் போட்டிருந்ததால் ஆறாம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது ஒரு குதூகலமான பாட்டு. முடிந்த பிறகும் முடியாது. கடைசியில் பிள்ளைகளில் ஒருத்தி அடக்க முடியாமல் 'களுக்'கென்று சிரிப்பாள். அதை வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் பாத்திமா அக்காவும் சிரித்துவிட்டார்.

"அல்லாவே! இத்தனை நாளா பஸ்ஸுக்குப் பயந்து பாயசம் குடிக்காமப் போயிருக்கேனே!"

கல்யாணப் பொண்ணு வந்தாள்

போன ஆவணியில் சாமி கண் திறந்தது. குமாரலிங்கபுரத்திலிருந்து ஒரு பெண், மறுநாள் பூ வைக்கிற விசேஷம். மாப்பிள்ளை வீட்டார் பார்க்கிற அந்த முகம் திருத்தமாக அமைந்தால் கல்யாண அலங்காரமும் என்னிடமே என்று சொல்லி அவள் அம்மா கூட்டிவந்தார். தங்கச்சிக்காரியும் கூட வந்திருந்தாள். வந்ததும் அந்த அம்மா ஸ்பீக்கரைப் பார்த்து, "என்னங்க இது, சீனாக்காரன் பாட்டு? கல்யாண வீட்டுக்குத் தகுந்த மாதிரி ஏதாச்சும் போடக் கூடாதா?" என்றார். ஆனால் பாட்டை மாற்றினால் என் கடிகாரம் போய்விடும். பல்லை இளித்துச் சமாளித்தேன். ஜன்னலோர நாற்காலியில் பஞ்சவர்ணம் முகம் பூராவும் பேக்கோடு அசையாமல் படுத்திருந்தாள்.

முந்தின நாளே பெண் மட்டும் வந்து, ஒத்துக்கொள்கிறதா என்று பிளீச்சைக் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தாயிற்று. பெண்ணுக்கு ஒன்றும் செய்யவில்லை. முதல் பாட்டைத் தொடக்கத்திலிருந்து போட்டு, மட்டமாகத் தடவிவிட்டு, அவள் அம்மாவை ஸ்டூலில் உட்காரவைத்துப் புருவம் எடுக்க ஆரம்பித்தேன். அந்த அம்மா இரண்டு கையாலும் புருவத்தை இழுத்துப் பிடித்துக் கண்ணையும் வாயையும் இறுக மூடிக்கொண்டார். என் பல்லில் நூல். பெண் முகத்தில் பிளீச். பஞ்சவர்ணம் முகத்தில் பேக். ஆக, கடைக்குள் வாய் திறக்க முடிந்த ஆளே இல்லை. வாயுள்ள ஒருத்தி தங்கச்சிக்காரி. அவளோ அலமாரிப் பக்கம் போய்ப் போனில் ஏதோ ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு, ஜூஸ் குடிக்கப் போய்விட்டாள்.

நாலாம் பாட்டின் தூத்தல் சத்தத்துக்காக என் காது காத்திருந்தது. தங்கச்சிக்காரி அமுக்கின பொத்தானில் முதல் பாட்டே திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது மரத்துப்போய் வருஷமாகிறது. அது ஒருதரம் ஓடுகிறதா, நாலுதரம் ஓடுகிறதா என்று உறைக்கவே இல்லை. வலது புருவம் முடிந்து இடதுக்கு வந்துவிட்டேன். அப்போது ஜன்னல் பக்கம் 'பட்'டென்று ஓடு வெடிக்கிற சத்தம். திரும்பினால், பஞ்சவர்ணம் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். கன்னத்தில் கரிசல்காட்டு வெடிப்பு மாதிரி நெட்டுக்கு ஒரு கீறல், மடியெல்லாம் மாவு.

"யக்கா! என் பாட்டு வர வேண்டிய நேரமாச்சே, இன்னும் வரலையே!"

நூலை உதறிவிட்டு ஓடினேன். பெண்ணின் நெற்றியில் ஈரப்பஞ்சை வைக்கும்போது 'தாயே, தாயே' என்பதைத் தவிர எனக்கு வேறு பதிகம் வரவில்லை. துடைத்தேன். கழுவினேன். ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி ஒற்றினேன். கன்னத்தில் லேசாக ஒரு சிவப்பு, அவ்வளவுதான். கணக்குப் பார்த்தால் அரைப் பாட்டு நேரம்தான் தாமதம். நான் இடது புருவத்தையும் முடித்துவிட்டுத்தான் திரும்புவேன் என்று இருந்திருந்தால், அந்த முகம் வெந்தே போயிருக்கும். நடந்ததை மறைக்கவில்லை, அந்த அம்மாவிடம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். ஒற்றைப் புருவத்தோடு நின்று கேட்டவர், மகளைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது புருவத்தை எடுத்துக்கொண்டு, மகள்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் விளக்கு ஏற்றும்போது போன் அடித்தது. அந்த அம்மாதான். பின்னால் கெட்டிமேளம் மாதிரி ஒரே சத்தம், சிரிப்பு.

"பொண்ணு மொகம் ரோசாப்பூ மாதிரி இருக்குன்னு சம்பந்தியம்மா மூணு தடவை சொல்லிட்டாக. கல்யாணத்தன்னைக்கு வெள்ளனவே வந்துருங்க. அந்தச் சீனாப் பாட்டுப் பொட்டியையும் மறக்காம எடுத்துட்டு வாங்க!"

மீனாவும் பஞ்சவர்ணமும்

கோயம்புத்தூருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மீனா அந்தப் பக்கம் குதித்தது இங்கே கேட்டது. நாலாம் பாட்டைக் கேட்டுப் பெய்யுது என்று சொன்ன பெண்ணோடு பேச வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். அடுத்த மாதம் பஞ்சவர்ணம் வந்தபோது, பேக் போடுவதற்கு முன்னாலேயே போனைக் கையில் கொடுத்தேன். நாலாம் பாட்டில் எந்தப் பிள்ளை முதலில் பாடுகிறது, அதற்குப் பிறகு யார் சேருகிறார்கள் என்று இரண்டு பேரும் அரைமணி நேரம் அலசினார்கள். பிளீச்சுக்கு வந்தவர்கள் வாசலில் காத்துக் கிடந்தார்கள். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது பஞ்சவர்ணம் என்னைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்த்தாள்.

"ஒம் மகளுக்கு நல்ல காது யக்கா, ஒனக்குத்தான் கை மட்டும் நல்லாருக்கு."

மொத்தத்தில் இந்தத் தொழிலில் நான் படித்த பாடம் இவ்வளவுதான்: பேர் வாங்குவதெல்லாம் முதல் பாட்டு, முகத்தைக் காப்பாற்றுவது நாலாம் பாட்டு.